நேற்று இரவு இங்கே தூங்கியவர்கள்

ஆய்வு முறையியலும் புள்ளியியலும் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அதாவது எப்படிக் கேள்வி கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது என் பிழைப்பு. இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு வீட்டுக் கதவையும் தட்டி ஒரு கேள்வியும் நான் கேட்டதில்லை. நீச்சலைக் கரும்பலகையிலேயே கற்றுக்கொடுத்து ரிட்டையர் ஆகிவிடலாம் என்று இருந்தேன்.

என் பெயர் தமீம். வண்ணாரப்பேட்டையில் வீடு. வகுப்பில் 'தரவு' என்று நான் வாயைத் திறந்தாலே கடைசி பெஞ்சு தூங்கிவிடும். வீட்டில் அந்த வசதி இல்லை. என் மனைவி உமைமா தூங்கமாட்டாள், பதில் பேசுவாள். ஒருநாள் சாப்பிடும்போது சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு விளக்கினேன். ஒரு தெருவில் எல்லாரும் சாதாரண ஆட்கள், ஒருத்தன் மட்டும் அநியாயத்துக்கு மாறுபட்டவன் என்றால் சராசரி கெட்டுவிடும், அப்போது வரிசையில் நடுவில் நிற்பவனைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அந்த ஒருத்தரு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நம்ம தெரு சராசரிய கெடுத்துகினு கீறதே நீங்கதான். ரசம் ஊத்தட்டுமா?"

இப்படிப்பட்ட என்னைத் தேடித்தான் அலைக்கரை அறக்கட்டளையின் தலைவர் கிருஷ்ணப்பன் வந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணூரில் முகத்துவாரக்குப்பத்து மக்கள் அவரிடம் ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ராத்திரியில் வீசிங் வந்தால் ஆஸ்பத்திரி தூரம், ஆட்டோ கிடைப்பதில்லை, அதனால் குப்பத்திலேயே ஒரு இரவு கிளினிக் வேண்டும். ஒரு நர்ஸ், மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க ஒரு நெபுலைசர் மிஷின், அவ்வளவுதான். கிருஷ்ணப்பனிடம் ஒரே ஒரு கிளினிக்குக்குத்தான் வழி இருந்தது.

"அழுகையை வெச்சு நான் முடிவு எடுக்கமாட்டேன் சார். எண்ணிக்கை காட்டுங்க" என்றார்.

எனக்கு ஜென்ம சாபல்யம் அடைந்த மாதிரி இருந்தது. உடனே திட்டம் போட்டேன். ஆலைப் புகைக்குப் பக்கத்தில் இருக்கும் முகத்துவாரக்குப்பத்தை ஒரு பக்கம் வைப்பது. அதே மீன் தொழில், அதே வரும்படி, ஆனால் எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்குத் தூரமாக இருக்கும் ராயபுரம் கடலோரச் சந்துகளை இன்னொரு பக்கம் வைப்பது. குப்பத்தில் வீசிங் அதிகம், ராயபுரத்தில் கம்மி என்று வந்தால் புகைதான் காரணம் என்று சந்தேகப்படலாம், கிளினிக்கும் வந்துவிடும். ஒப்பீட்டுக் குழு என்று இதற்குப் பெயர். இதை நான் பதினெட்டு தடவை பரீட்சையில் கேட்டிருக்கிறேன்.

கேள்வித்தாளில் நான் ரொம்பவும் பெருமைப்பட்டது முதல் கேள்விக்குத்தான். 'உங்கள் வீட்டில் எத்தனை குழந்தைகள்?' என்று கேட்டால் ஜனங்கள் வெளியூரில் இருப்பது, விடுதியில் இருப்பது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லி ஒரே பிள்ளை இரண்டு வீட்டில் எண்ணப்பட்டுவிடும். அதனால் நான் இப்படி எழுதினேன்: 'நேற்று இரவு இந்த வீட்டில் தூங்கிய குழந்தைகள் எத்தனை பேர்?' ஒரு பிள்ளை ஒரு ராத்திரியில் ஒரு இடத்தில்தான் தூங்க முடியும். சந்துபொந்து இல்லாத கேள்வி என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

கேள்வித்தாளைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன் பத்துப் பேரிடமாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது பாடத்தின் மூன்றாம் அலகு. நான் உமைமா ஒருத்தியிடம் சோதித்தேன். எங்கள் மகள் ரிஃபானா அப்போது இரண்டு நாளாக ராயபுரத்தில் உமைமாவின் உம்மா வீட்டில், தன் பாட்டியிடம் இருந்தாள்.

"நேத்து ராத்திரியா? ரிஃபானா எங்க உம்மா வூட்டுல கீறா. அவள சேக்கணுமா, வாணாமா?"

"சேர்க்கக்கூடாது."

"அப்ப நமக்குப் புள்ளையே இல்லன்னா எழுதப்போறீங்க?"

"எழுதியாச்சு" என்றேன். கேள்வி கச்சிதமாக வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். சொந்த மகளை ஒரு பேனாக் கீறலில் இல்லாமல் ஆக்கிவிட்டு இரண்டாவது தோசைக்குக் கை நீட்டியவன் நான். உமைமா கரண்டியைப் பிடித்த விதத்தை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் புத்தி எனக்கு இல்லை.

குப்பத்தில் என்னை வீடு வீடாக அழைத்துப்போனவர் வரலட்சுமி. மகளிர் குழுத் தலைவி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கிளினிக் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து அலைந்தது அவர்தான். இரண்டு வீட்டுக்கு ஒருமுறை திரும்பி, "மிஷினு வந்துரும்ல சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தரவுதாம்மா பேசணும், நாம பேசக்கூடாது" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எல்லாருக்கும் சொல்ல நிறைய இருந்தது. நான்தான் சொல்லவிடவில்லை. பதில் சொல்பவர் கதை பேச ஆரம்பித்தால் பணிவாக அவரைக் கேள்விக்குத் திருப்ப வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. நான் பணிவை விட்டுவிட்டுத் திருப்புவதை மட்டும் செய்தேன். கடைசியாக வரலட்சுமியின் வீட்டு முறை வந்தது.

"நேத்து ராத்திரி இந்த வீட்டுல தூங்கின குழந்தைங்க எத்தனை பேரும்மா?"

"நேத்து ராத்திரி யாரும் இல்ல சார். ஆனா வந்து…"

"ஆனால்லாம் வேணாம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில்."

"அப்ப இல்ல சார்" என்றார்.

பூஜ்யம் போட்டேன். பாவம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தை இல்லை போல என்று மனசுக்குள் உச்சுக்கொட்டினேன். அதைப் பற்றி மேலே கேட்காமல் இருந்ததை என் நாகரிகம் என்று நினைத்தேன். வாசலில் ஒரு ஜோடி சின்ன ரோஸ் நிறச் செருப்பு கிடந்தது. செருப்புக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

ராயபுரத்திலும் இதே கேள்விகளோடு சந்து சந்தாகப் போய்வந்தேன். அங்கே பல வீடுகளில் வயதான பெரியவர்கள்தான் பதில் சொன்னார்கள். பிள்ளைகளின் பெயர், வயது, வீசிங் உண்டா இல்லையா என்று கேட்டு எழுதிக்கொண்டு மடமடவென்று அடுத்த வாசலுக்கு நகர்ந்தேன்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டிப்பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குப்பத்தில் நூற்றுக்கு நாலு பிள்ளைகளுக்குத்தான் வீசிங். ராயபுரத்தில் நூற்றுக்குப் பதினாறு. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு உண்டா என்று சோதித்தேன். அதற்குத்தான் பி-மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. அது சிறிதாக இருந்தால் வித்தியாசம் தற்செயல் இல்லை என்று நம்பலாம். எனக்கு வந்தது அவ்வளவு சிறிதாக இருந்தது. வித்தியாசம் உண்மையானதுதான். எதனால் என்பதை மட்டும் பி-மதிப்பு சொல்லாது. அது என் வேலை.

அந்த வேலையை நான் செய்த அழகைக் கேளுங்கள். புகைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், தூரத்தில் இருப்பவர்கள் மூச்சிரைக்கிறார்கள். சாதாரண ஆளாக இருந்தால், எங்கேயோ இடிக்கிறதே என்று யோசிப்பான். நான் படித்தவன், அதனால் ஒரு கொள்கையே கண்டுபிடித்தேன். முகத்துவாரத்தின் திறந்த கடற்காற்று பிள்ளைகளின் நுரையீரலைக் காப்பாற்றுகிறது. அதற்குக் 'கடற்காற்றுக் காப்பு விளைவு' என்று பெயரும் வைத்தேன். ராயபுரத்திலும் அதே கடல்தான் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அறிக்கையைக் கிருஷ்ணப்பனுக்கு அனுப்பினேன். கல்லூரி ஆசிரியர் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். பதினோரு பேர் கை குவித்த பொம்மையைப் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

கிருஷ்ணப்பன் போன் பண்ணினார். "பிரமாதம் சார்! கடவுளே அவங்களுக்கு மருந்தைக் காத்துல கலந்து அனுப்பறாரு, நாம எதுக்கு மிஷின் வைக்கணும்? வர்ற வியாழக்கிழமை கூட்டத்துல குப்பத்தை எடுத்துட்டு வேற ஊரு பார்த்துடலாம்."

அப்போதுதான் வரலட்சுமியின் முகம் ஞாபகம் வந்தது. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மைக்கு முன்னால் தாட்சண்யம் பார்க்க முடியுமா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உமைமாவிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் புகையில நின்னுட்டு வந்து நீங்க ரெண்டு நாள் இருமுனீங்களே, உங்கள மட்டும் அந்தக் காத்து ஏன் காப்பாத்தல?"

"ஒருத்தனை வெச்சு முடிவு பண்ணக்கூடாது" என்றேன். இதுவும் பாடத்தில் இருக்கிறது.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துக்குப் போனேன். எழுதிய படிவங்களில் பத்தில் ஒன்றைத் திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது முறை. உண்மையைச் சொன்னால், சரிபார்த்தேன் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்பதற்காகத்தான் போனேன். முதல் படிவம், மாயா, வயது ஏழு, வீசிங் உண்டு. முகவரியைப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்தால், அந்த வாசற்படியில் வரலட்சுமி உட்கார்ந்திருக்கிறார். கால்களுக்கு நடுவில் ஒரு பெண் குழந்தை. தலைவாரி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார்! வாங்க சார், இன்னா இந்தப் பக்கம்?"

"நீங்க எங்க இங்க?"

"இன்னா சார் இப்டி கேட்டுகினு? இது எங்க அம்மா வூடு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரயிலேறி வந்துருவேன். இவ எம் பொண்ணு, மாயா. சாருக்கு வணக்கம் சொல்லு."

மாயா வணக்கம் சொன்னாள். மூச்சு கொஞ்சம் விசிலடித்தது. நான் கையில் இருந்த படிவத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தேன்.

"உங்க பொண்ணா? அன்னிக்கு நீங்க குழந்தை இல்லன்னு…"

"நேத்து ராத்திரி அங்க தூங்கலயே சார். நீங்கதான அப்டி கேட்டீங்க?" என்றார், நான் கோபித்துக்கொள்வேனோ என்ற பயத்தோடு. "போன வருசம் நடுராத்திரில இவளுக்கு மூச்சு உடவே முடியல. இவங்க நைனா தோள்ல போட்டுகினு மெயின் ரோடு வரைக்கும் ஓடுனாரு. நகமெல்லாம் நீலமாயிடுச்சி. அத்தோட நான் இவள இங்க கொணாந்து உட்டுட்டேன். இங்கன்னா ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். ஸ்கூலும் இங்கயே மாத்தியாச்சு."

"உங்க வீட்டுல மட்டும்தானா?"

"எங்க குப்பத்துல பாதிப் பேருக்கு அம்மா வூடு ராயபுரம்தான் சார். வீசிங் கீற புள்ளைங்கள யாரு அங்க வெச்சிக்கினு உசுர உடறது? அதுக்குத்தான் மிஷினு கேக்கறது. அது வந்துட்டா நான் இவள இட்டுகினு பூடுவேன்." ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டார். "மிஷினு வந்துரும்ல சார்?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நான் ஒரு குப்பத்தின் நோயாளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒற்றைக் கேள்வியில் மறைத்திருந்தேன். மறைத்தது மட்டுமில்லை, ஒப்பீட்டுக்கு என்று வைத்திருந்த ஊரில் கொண்டுபோய் அவர்களைக் கொட்டி, பார் பார் இங்கேதான் நோய் அதிகம் என்று கைதட்டியிருந்தேன். நம் ஜனங்களுக்கு எந்தச் சங்கடம் வந்தாலும் முதலில் போகிற இடம் அம்மா வீடு. வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? என் சொந்த மகளே அம்மா வழி வீட்டில் இருக்கும்போதுதானே அந்தக் கேள்வியைச் சோதித்தேன்? தெரிந்த விஷயம்தான். கேள்வித்தாளைக் கையில் எடுத்ததும் தெரிந்ததை எல்லாம் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டேன். அந்தப் படியில் உட்கார்ந்து எனக்கு வந்தது வெட்கம். அதைவிட அதிகமாகப் பயம். வியாழக்கிழமை நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தக் குழந்தை இங்கேயேதான் வளரும்.

வியாழக்கிழமை கூட்டத்தில் கிருஷ்ணப்பன் என்னைக் கடற்காற்று விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து, "அறிக்கை தப்பு சார். குப்பையில போடுங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "அறிக்கை குடுக்கறப்ப தரவு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தரவு பொய் சொல்லல சார். நான் கேட்டதுக்கு ஒழுங்காத்தான் பதில் சொல்லிச்சு. கேட்ட நான்தான் முட்டாள்."

மாயாவைப் பற்றிச் சொன்னேன். குப்பத்தில் நான் பார்த்தது அங்கே இருக்க முடிந்த பிள்ளைகளை மட்டும்தான், இருக்க முடியாதவர்கள் போய்விட்டார்கள் என்றேன். உறுப்பினர்களில் ஒருவர், "இதை நம்பறதா, அதை நம்பறதா? நாளைக்கு வந்து மூணாவதா ஒண்ணு சொல்வீரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு குழந்தையை வைத்து முடிவு செய்யச் சொல்லவில்லை, மறுபடி எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டுவர இரண்டு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கிருஷ்ணப்பன் கடுப்போடு ஒப்புக்கொண்டார். அடுத்த தடவை எந்த விளைவுக்கும் பெயர் வைக்காமல் வாருங்கள் என்றார்.

இந்த முறை கேள்வியை உமைமாதான் எழுதினாள். 'உங்க பசங்க எத்தினி பேரு? ஒவ்வொருத்தரும் இப்ப எங்க கீறாங்க? ஏன்?' என்று மூன்றே வரி. "பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தா இதத்தான் கேட்டுக்குவோம்" என்றாள். நான் அதைக் கொஞ்சம் எழுத்து நடைக்கு மாற்றப் பார்த்தேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுபடி கதவுகளைத் தட்டினேன். கதை பேச விட்டேன். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, வயிறு முழுக்க டீ. குப்பத்துப் பிள்ளைகளை எந்த ஊரில் தூங்கினாலும் குப்பத்துக் கணக்கிலேயே எழுதினேன். ராயபுரத்தில், இந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். கணக்கு அப்படியே புரண்டது. குப்பத்துக்குக் கிளினிக் வேண்டும் என்று கிருஷ்ணப்பன் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் போட்டார்.

ஒரு வருடம் கழித்து, கிளினிக் வந்ததால் என்ன பயன் என்று பார்க்க மறுபடி ஒரு சர்வே வேண்டும் என்றார்கள். "முதல் தடவை கேட்ட அதே கேள்வியையும் கேட்கணும். அப்பதான் ஒப்பிட முடியும்" என்றார் கிருஷ்ணப்பன். என் பாடத்தை எனக்கே நடத்தினார். கேட்டேன். முடிவைப் பார்த்துவிட்டு அவர் போனில் கத்தியது வண்ணாரப்பேட்டைக்கே கேட்டிருக்கும். "என்ன சார் இது? கிளினிக் வைக்கறதுக்கு முன்னாடி நூத்துக்கு நாலு பேருக்கு வீசிங். வெச்சதுக்கு அப்புறம் பதினஞ்சு பேருக்கா? நோயை வளர்க்கவா கிளினிக் வெச்சோம்?"

"ஏறினது நோய் இல்ல சார்" என்றேன். "வீடு திரும்பின புள்ளைங்க."

அவருக்கு விளங்க அரை மணி நேரம் ஆனது. புகை இன்னும் இருக்கிறது சார், அதற்கு நீங்களும் நானும் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொன்னேன்.

அந்த சர்வேயில் நான் முதலில் போய் எழுதியது வரலட்சுமியின் வீட்டைத்தான். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. புது ஜோடி, போன வருடத்தை விட ஒரு அளவு பெரிது. படிவத்தை எடுத்தேன்.

"நேத்து ராத்திரி இந்த வூட்டுல தூங்கின புள்ளைங்க எத்தினி பேரும்மா?"

"ஒண்ணு சார்" என்றார் வரலட்சுமி. சிரித்துவிட்டார். "ஆனா வந்து…" என்று ஆரம்பித்தவர், போன வருடத்து ஞாபகத்தில் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சொல்லும்மா. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல, சொல்லு."

"தூங்குச்சின்னு எழுதாதீங்க சார். எங்க தூங்குச்சு? ராத்திரி பூரா எம் மேல கால போட்டுகினு பேசிகினே இருந்துச்சு."